சிவப்பு எண் போட்ட கிணறு: ஆய்வு முடிவைத் தமிழில் தெரிவிக்க வேண்டி

அனுப்புநர்:
அ. பஞ்சவர்ணம்,
த/பெ. அரியமுத்து,
ஓடைமேடு காலனி,
ஆலத்தியூர் வழி,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
சோழமண்டலப் பல்கலைக்கழகம்.

பொருள்: எங்கள் காலனிக் கிணற்றுத் தண்ணீரைப் பல்கலைக்கழகத்தார் எடுத்துச் சென்றது – அது குடிக்கத் தகுந்ததா என்று சொல்லாமல் விட்டது – சொல்லும்படி வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாயம் காயாமல் இருந்ததைத்தான் நான் முதலில் கவனித்தேன். தை மாதத்தில் ஒரு காலை, எங்கள் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் குடத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எடுத்தேன். குடத்தின் வயிற்றில் சிவப்பு ஒட்டியிருந்தது. சுவரில் 31 என்று புதிதாக எழுதியிருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் தங்கள் பல்கலைக்கழக ஜீப்பில் வந்தவர்கள் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்து, பாட்டில்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

2. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். வயது பதினாறு. நாலு பேர் முன் எனக்குப் பேச வராது. அன்று ஜீப் கிளம்பும்போது ஓடிப்போய்க் கேட்டிருந்தால் இந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது. நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

3. எண் எழுதினால் என்ன கெட்டுவிட்டது என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் முன்பு வாந்திபேதி வந்த வருடம், சுகாதார அதிகாரிகள் கெட்ட கிணறுகளுக்குச் சிவப்பு அடித்து மூடினார்கள். அந்தக் கிணறுகளில் தண்ணீர் குடித்த பிள்ளைகள் இறந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். கிணற்றில் சிவப்பைக் கண்டால் எங்கள் ஆட்கள் வாளியை இறக்க மாட்டார்கள். என் தகப்பனார் எண்ணைப் பார்த்ததும் சொன்னது இது: "நல்ல தண்ணின்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போயிருக்க மாட்டாங்களா? சாயம் காயறதுக்குள்ள ஏன் ஓடுறாங்க?" அன்றே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

4. இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. ஊர்க் கிணற்றிலும் அதே ஆட்கள் எண் எழுதியிருக்கிறார்கள். அது 30. ஆனால் வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்கு ஒரு பொருள், சிவப்புக்கு ஒரு பொருள் என்று உண்டா? அல்லது வெள்ளைச் சாயம் தீர்ந்துபோனதா? இதை ஐயா அவர்கள் தண்ணீர்த் துறையில் விசாரித்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு எல்லாம் இந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது.

5. கிணற்றை விட்ட பிறகு ஊர்ப் பக்கத்துத் தோட்டத்து மோட்டார்த் தொட்டிக்குப் போனோம். தோட்டத்துக்கார அம்மாள், "செவப்பு போட்ட கெணத்துக் குடத்த எங்க தொட்டியில முக்காதீங்க. இங்கயும் ஒட்டிக்கப் போவுது" என்றார்கள். அவர்கள் மீது இந்த மனுவில் புகார் இல்லை. வெறும் குடங்களோடு திரும்பி வந்தோம். இப்போது, சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுப் போன பழைய குழியில் தேங்கிய மழைத் தண்ணீரைத்தான் எடுக்கிறோம். பங்குனி வெயிலில் தண்ணீர் கீழே போகப் போக, நாங்களும் சரிவில் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. என் அண்ணி தனத்துக்குச் சித்திரையில் பிரசவம். போன வாரம் இடுப்பில் குடத்தோடு அந்தச் சரிவில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். குடம் உருண்டு குழியில் போய்விட்டது. அண்ணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை என்று நர்சம்மா சொன்னார். மறுநாள் காலையில் அண்ணி வேறு குடத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போனார்.

6. பல்கலைக்கழகத்தை நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. தங்கள் ஆட்கள் எத்தனையோ துறைகளிலிருந்து இங்கே வந்து போகிறார்கள். கல் துறையினர் ஓடையில் சங்கு போலவும் ஆட்டுக்கொம்பு போலவும் சுருண்ட கற்களைப் பொறுக்கினார்கள். இந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றார்கள். அதைக் கேட்ட எங்கள் அமாவாசை மாமா, "கடலே இருந்துச்சாம்யா, இப்ப குடிக்க ஒரு கொடம் இல்ல" என்றார். அவர்களும் சிரித்தார்கள். வேறு சிலர் பிள்ளைகளின் உயரம், எடை, கைச்சுற்று எல்லாம் எடுத்தார்கள். இரண்டு அக்காமார் டேப் ரெக்கார்டரோடு வந்து நடவுப் பாட்டும் தாலாட்டும் பிடித்துப் போனார்கள். எங்கள் காலனியில் அளக்காமல் விட்டது எதுவும் இல்லை. ஆனால் அளந்ததில் என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் ஒரே ஒரு துறையினர்தான்.

7. அவர்கள் சோளத் துறையினர். போன வருடம் விதை கொடுத்தார்கள், அறுவடைக்குப் பிறகு திரும்ப வந்தார்கள். எந்த விதை எங்கள் மண்ணுக்கு ஆகும், எது ஆகாது என்று வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடி விதைத்தவர்களுக்கு இந்த முறை மழை குறைந்தும் கதிர் நின்றது. ஆகவே, பல்கலைக்கழகம் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்புவார்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்த ஒரு காரணத்தால்தான் தங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

8. கல் துறை ஐயாவிடம் கிணற்றைப் பற்றி என் தகப்பனாரைக் கேட்கச் சொன்னேன். "தண்ணி எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு பாட்டுப் பிடிக்க வந்த அக்காமாரில் ஜானகி என்பவரிடம் நானே கேட்டுவிட்டேன். அவர் தமிழ்த் துறை. அவருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாத் துறைக்கும் பதிவாளர் ஒருவர்தான் என்றும், அவருக்கு எழுதினால் உரிய இடத்துக்கு அனுப்புவார் என்றும் சொல்லி, தங்கள் விலாசத்தையும் கொடுத்தார். நான் மனு எழுதுவது தெரிந்து எங்கள் பக்கத்து வீட்டு வீராயி அத்தை, "பேசவே பேசாத புள்ள, பல்கலைக்கழகத்துக்கே மனு எழுதுதாம்ல!" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும், நான் எழுதி முடிக்கட்டும் என்று என் குடத்தையும் சேர்த்துக் குழியிலிருந்து தூக்கிவந்தார்.

9. ஒரு நாள் மண்ணெண்ணெய்த் துணியோடு கிணற்றடிக்குப் போனேன். எண்ணைத் துடைத்துவிட்டால் சில நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். உண்மையிலேயே தண்ணீர் கெட்டிருந்து, நான் துடைத்ததால் யாராவது குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று பயம் வந்தது. துடைக்கவில்லை. 31 அப்படியே இருக்கிறது. தங்கள் ஆட்கள் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

10. ஆகவே ஐயா அவர்கள், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் என்ன கண்டார்கள் என்பதைத் தமிழில், எல்லோருக்கும் புரியும்படி, முத்திரை வைத்த ஒரு தாளில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் என்றால், அந்த எண்ணை வெள்ளையில் மாற்றி எழுத அனுமதி வேண்டும். சாயத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம். கெட்ட தண்ணீர் என்றால், மருந்து போட்டுச் சரியாகுமா, தூர் வாரினால் சரியாகுமா என்று சொன்னால் போதும். தூர் வார எங்கள் காலனியில் கைகள் இருக்கின்றன. பதில் எதுவானாலும் அண்ணியின் பிரசவத்துக்கு முன்பு கிடைக்கும்படி ஐயா அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இனி எந்தத் துறையினர் வந்தாலும், சோளத் துறையினரைப் போல இரண்டாம் முறையும் வந்து போக ஆணையிட்டால், பிள்ளைகளின் எடையைப் பற்றியும் அந்தக் கற்களைப் பற்றியும் கேட்க நாங்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் வந்து உட்காருவோம்.

11. இதைத் தபாலில் சேர்க்கத்தான் இருந்தேன். எந்தத் துறைக்குப் போய் எங்கே தங்கிவிடுமோ என்று மனம் கேட்கவில்லை. இன்று விடியற்காலையில் கிணற்றில் நானே கயிறு கட்டி வாளியை இறக்கினேன். ஒரு பாட்டில் நிரப்பி மூடினேன். ஆலத்தியூரில் முதல் பஸ் ஏறினேன். இந்த வரிகளை வாசலில் உட்கார்ந்து எழுதி, மனுவைத் தங்கள் பியூனிடம் கொடுக்கிறேன். பாட்டிலைக் கொடுக்கவில்லை. அதோடு வெளியே நிற்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
அ. பஞ்சவர்ணம்

நாள்: 22.3.1985
இடம்: பதிவாளர் அலுவலக வாசல்