மரியாதையாகக் கூப்பிட்ட குரல்

சம்பந்தி,

ஊறுகாய் ஜாடியைத் தேடிப் பரணில் ஏறினேன். ஜாடி கிடைக்கவில்லை, ஷூ கிடைத்தது. மஸ்கட்டில் என் மகள் நம் இருவருக்கும் ஒரே நீல நிறத்தில் வாங்கித் தந்தாளே, அதில் என்னுடையது. தூக்கித் தட்டினேன். ஒரு கைப்பிடி சாம்பல் நிற மணல் கொட்டியது. கூடவே அந்த வாசனை. நம் கோவளம், மாமல்லபுரம் பக்கத்துக் கடல் வாசனை இல்லை அது. பழைய சாவிக்கொத்தை ஈரத் துணியில் முடிந்து வைத்தது போல ஒரு வாசனை. ஊருக்கு வந்ததுமே அந்த ஷூவைச் சோப்புப் போட்டுக் கழுவி மாடியில் காயவைத்தவன் நான்தான்.

"இப்பதான் பெருக்கினேன், மண்ணக் கொட்டிகினு கீறியே" என்று கீழேயிருந்து என் வீட்டுக்காரி கத்தினாள். வேறு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இன்று ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நம் கதை வேடிக்கையானது. பெண்ணைக் கொடுத்தவன் நான், பையனைப் பெற்றவர் நீங்கள். செங்கல்பட்டில் நீங்கள் அரசு ஆபீசில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன், சிறுசேரிக்குக் கம்பெனி பஸ் ஓட்டியவன். கல்யாணமான நாளிலிருந்து நாம் பேசிய பேச்செல்லாம் "சாப்ட்டீங்களா சம்பந்தி", "ஆச்சு சம்பந்தி" என்பதோடு சரி. பிள்ளைகளைப் பார்க்க இரண்டு குடும்பமும் சேர்ந்தே மஸ்கட் போனபோதும் அப்படித்தான். டி.வி. முன்னால் ஆளுக்கொரு சோபா. உங்களுக்குப் பிடித்த சேனல் எது என்று எனக்குத் தெரியாது, எனக்குப் பிடித்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டு பேரும் யாருக்கும் பிடிக்காத சமையல் நிகழ்ச்சியைப் பார்த்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் நம்மைத் தெற்கே வெகுதூரம் கூட்டிப்போனார்கள். கடலோரத்தில் ஒரு வாடகை வீடு. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் மொட்டைக் குன்றுகள். மறுநாள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, டீக்கடை தேடி நாம் மட்டும் கிளம்பினோம்.

பாதை பிரிந்த இடத்தில், "இந்தப் பக்கம் போலாமா சம்பந்தி?" என்று இடதுபுறம் கை காட்டினீர்கள். வலதுபுறம்தான் ஊர் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பாதி ஆயுளை ரோட்டில் கழித்தவன் நான். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சொல்லும்போது பெண்ணைப் பெற்றவன் குறுக்கே பேசுவானா? "போலாம் சம்பந்தி" என்றேன். உங்களுக்கும் வழி தெரியாது, நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த பிரிவிலும் இதே கூத்து. அதற்கடுத்ததிலும் அதே. இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை செய்தே தொலைந்துபோன இரண்டு பேரை உலகம் பார்த்திருக்காது.

வெயில் உச்சிக்கு வந்தபோது கடைசிக் குன்றைத் தாண்டினோம். அங்கே அந்தக் கடற்கரை இருந்தது.

அதைப் பிறகு மருமகனின் போனில் எவ்வளவோ தேடிப் பார்த்தேன். மேப்பில் அந்த இடத்தில் குன்றுதான் தெரிகிறது.

இரண்டு பக்கமும் பாறை, நடுவில் பிறை வடிவத்தில் மணல். அழகுதான். ஆனால் சத்தம் இல்லை. கடல் வெகுதூரம் உள்வாங்கி ஒரு கோடு போலக் கிடந்தது. காக்கை இல்லை, நண்டு வளை இல்லை, ஒரு பிளாஸ்டிக் பை கூட இல்லை. "நம்ம மகாபலிபுரமா இருந்தா இந்நேரத்துக்கு ஒருத்தன் மொளகா பஜ்ஜியோட நின்னுகினு இருப்பான்" என்றேன். என் குரல் யாரோ பேசுவது போல எனக்கே கேட்டது. நீங்கள் சிரிக்கவில்லை. கையை நீட்டினீர்கள்.

கடல் விட்டுப்போன ஈரத்தரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கடலைப் பார்த்தபடி. சுற்றிலும் கால்தடம் எதுவும் இல்லை. நாற்காலியின் மேல் தூசியும் இல்லை.

"யாரோ இப்பதான் துடைச்சு வச்சிகீறாங்க" என்றீர்கள்.

பயப்பட வேண்டிய நேரம் அது. நாம் என்ன செய்தோம்? "உக்காருங்க சம்பந்தி." "நீங்க உக்காருங்க சம்பந்தி." "ஐயோ, நீங்க இருக்கசொல்ல நானா?" கடைசியில் முறைப்படி மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். போனில் சிக்னல் கிடைக்குமா என்று பார்க்க நான் குன்றின் மேல் ஏறினேன்.

சிக்னல் கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. நீங்கள் கடலின் தரையில் நடந்து போய்க்கொண்டிருந்தீர்கள். பந்தி போட்டாயிற்று என்று சொன்னதும் போகிறவர் போல, அவசரமில்லாமல்.

"சம்பந்தி!" என்று கத்தினேன். நீங்கள் 'வரேன், வரேன்' என்பது போலக் கையை உயர்த்தினீர்கள். ஆனால் கடலைப் பார்த்துத்தான் நடந்தீர்கள். மறுபடியும் கத்தினேன். மறுபடியும் கையை உயர்த்தினீர்கள், நடை வேகமானது. அப்போதுதான் கவனித்தேன். பாறைகளின் ஓரமாக இரண்டு பக்கமும் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அலை இல்லை, நுரை இல்லை. தரையில் கொட்டிய எண்ணெய் பரவுமே, அப்படி. உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்த மணல் குறைந்துகொண்டே வந்தது.

கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் நீச்சல் தெரியாத தடியன் நான். முழங்கால் தண்ணீர் வரை ஓடினேன். 'சம்பந்தி' என்றதற்கு நீங்கள் நிற்கவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது? சம்பந்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வழக்கம் நம் வீட்டில் கிடையாது. அந்த அவசரத்தில் உங்கள் பெயரே நினைவுக்கு வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்த பெயர். வாயில் வந்தது வேறு.

"டேய்! நில்றா! எங்கடா போற? திரும்புடா சாவுகிராக்கி!"

நின்றாய். இதற்கு மேல் 'நீங்கள்' என்று எழுத எனக்கு வரவில்லை, மன்னித்துக்கொள். நின்று மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு மறுபடியும் கடலைப் பார்த்தாய். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாய். நான் தொண்டை கிழிய இன்னும் நாலு கெட்ட வார்த்தை சொன்னேன். பஸ் ஓட்டியவன், சரக்கு நிறைய இருந்தது. அதன் பிறகுதான் ஓடி வந்தாய். இடுப்பளவு தண்ணீரில் உன் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் கை ஐஸ் போல இருந்தது.

பிடித்த கையை விடாமல் குன்றேறினோம். மேலே வந்து மூச்சு வாங்கிய பிறகு சொன்னாய்.

"நீதான் அங்க நின்னுகினு இருந்தே."

"எங்க?"

"கடலாண்ட. இதே சட்டை. 'வாங்க சம்பந்தி, வாங்க'ன்னு அப்படி ஒரு மரியாதையா கூப்புட்டுகினு இருந்தே. பின்னால கத்துனது யாருன்னே புரியல."

"அப்புறம் எப்படித் திரும்புன?"

"டேய்ன்னு கேட்டிச்சே. பொண்ணக் குடுத்தவன் என்னை டேய்ன்னா, அது உசுரு போற அவசரமாத்தான் இருக்கணும். மரியாதையா பேசறது யாரு வேணா பேசலாம்."

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தோம். பிறை முழுதும் தண்ணீர். நாற்காலி மட்டும் தெரிந்தது. அது இப்போது நம்மைப் பார்த்தபடி இருந்தது. தண்ணீர் திருப்பியிருக்கும் என்றேன். நீ என்னை இழுத்துக்கொண்டு நடந்தாய்.

வீட்டில், "எங்கப்பா போனீங்க, உடம்பெல்லாம் ஈரம்?" என்று என் மகள் கேட்டாள். "உங்க மாமனார் டீக்கடைன்னு கடலைக் காட்டினாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாம் சிரித்ததும் அவர்களுக்காகத்தான்.

அதற்குப் பிறகு ஊர் முன்னால் சம்பந்தி, போனில் டேய். "இன்னாடா, சர்க்கரை மாத்திரை போட்டியா?" என்று தினமும் கேட்டாய். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஒரு சிநேகிதன் கிடைப்பான் என்று நான் நினைக்கவில்லை. செங்கல்பட்டில் உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் முறை சொல்லி அழுதார்கள். எனக்கு முறைப்படி அழத் தெரியவில்லை. "டேய்" என்றேன், உதட்டுக்குள். நீ திரும்பவில்லை.

இதெல்லாம் எழுத வந்தது ஷூவுக்காக மட்டும் இல்லை. போன வாரம் திருவிடந்தைக்குப் போயிருந்தேன். மச்சினி மகளுக்கு வரன் அமையவேண்டும் என்று கோயிலில் மாலை வாங்கிச் சுற்றினார்கள். காரை நிழலில் விட்டுவிட்டுக் கடல் பக்கம் நடந்தேன். உச்சி வேளை. படகுகள் கரையில் கிடந்தன, ஆளில்லை. அலைச் சத்தம் திடீரென்று நின்றது போல இருந்தது.

"சம்பந்தி, வாங்க."

உன் குரல். நடுவில் உன் செருமல் கூட இருந்தது. "வாங்க சம்பந்தி, எவ்ளோ நேரமா நிக்கறேன்."

உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு அடி எடுத்து வைத்தேன். பயமாக இல்லை, ஆசையாக இருந்தது. உன்னோடு பேசி எத்தனை நாளாயிற்று. அடுத்த காலையும் தூக்கிவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது நீ என்னை 'வாங்க' என்று கூப்பிடுவாயா? அந்த மஸ்கட் வெயிலுக்கு அப்புறம் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்கிறாயா?

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காருக்கு வந்தேன். பின்னால் அது இன்னும் மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. சாவியைப் போட்டுத் திருப்பினேன். ஆனாலும் கண்ணாடியை ஏற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு கெட்ட வார்த்தை காதில் விழுமா என்று.