வாயில் பறி

செப். 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பொன்னேரி பஸ் இருபது நிமிடம் தாமதம். ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. கணுக்கால் வீக்கம்.

திரும்பும்போது திருப்பாலைவனம் வந்த பிறகுதான் சீட். நோட்டில் ஐந்து உருவம், ஆளுக்கு முப்பது வினாடி. தூங்குகிறவர்கள்தான் நல்ல மாடல். பக்கத்து சீட் அம்மாள் விழித்துக்கொண்டு, "இன்னாம்மா, என் மூக்கு இவ்ளோ பெரிசா?" என்றாள். பெரிசுதான். சொல்லவில்லை.

நான் செய்யும் கம்ப்யூட்டர் கேமில் பாக்கி:
– இறால் தடவுகிறவள் (ஏரியில் உட்கார்ந்தபடி கையால் துழாவிப் பிடிக்கிறவள்) தண்ணீரில் நகர்வது, 8 படம் (மூன்று முடிந்தது, மூன்றும் தண்டம்)
– ஏரி நிறம். சேறு கேட்டால் டீ வருகிறது
– வசனம்: முடிந்தது. உருப்படியாக இருப்பது அது ஒன்றுதான்

ஒன்றரை வருஷமாக ஒரே ஒரு பெண்ணை வரைகிறேன். தண்ணீரில் உட்கார மாட்டேன் என்கிறாள். ஞாயிறுக்குள் வரவில்லையென்றால் போல்டரையே அழித்துவிடுவது. போதும். சலித்துவிட்டது.

செப். 10, புதன்

புழுக்கம். நான் வீட்டுக்குள் நுழையும்போது அம்மாவும் அப்போதுதான் ஏரியிலிருந்து. புடவையெல்லாம் சேறு.

"இறால் கெடச்சுதாம்மா?"

"ம்."

அவ்வளவுதான். சித்திரையில் நான் சென்னை வேலையை விட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். காலையில் திட்டு, சாயங்காலம் மௌனம். திட்டைத் தாங்கலாம்.

நைனாவிடம் கேட்டேன். வலையிலிருந்து தலை தூக்காமலே, "அவ எப்பவும் அப்டித்தான்" என்றார். எப்போதுமா? எனக்கு எப்படித் தெரியும், ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டல்.

வரையவில்லை. நோட்டைத் திறக்கவே அலுப்பு.

செப். 12, வெள்ளி

கடையில் கரண்ட் இல்லை, மதியமே வீடு. காற்று அதிகம் என்று அம்மாவும் ஏரிக்குப் போகவில்லை. லேப்டாப்பில் வரைந்துகொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றாள். மூடிவிடலாம் என்று கை போனது. மூடவில்லை.

"யாருடி இது?"

"இறால் தடவுறவ."

"தரைல குந்திக்கினு கீறா மாதிரி கீது. தண்ணில ஒடம்பு இப்டி நிக்காது."

சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து காட்டினாள். விரல் விரித்த இரண்டு கையும் முன்னால் போகிறது, உடம்பு பின்னால் மிதந்து வருகிறது. நான் ஓவியப் புத்தகக் கணக்குப்படி நிற்கிற, எட்டுத் தலை உயரப் பெண்ணை மடித்து உட்கார வைத்திருந்தேன். பாரத்தை இடுப்பில் வைத்ததுதான் தப்பு. நாலு படம் போட்டேன். முதல் தடவையாக அவள் தண்ணீரில் இருக்கிறாள்!

சந்தோஷத்தில் கேமை ஓட்டிக் காட்டினேன். திரையில் அவள், பல்லில் இறால் போடும் பனையோலைப் பறி, பக்கத்தில் வசனம். நானே படித்தேன்: "அக்கா, இந்தாண்ட வா, நெறைய கீது!"

அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"பறியப் பல்லுல கடிச்சிக்கினு எப்டிடி பேசுவா? வாயத் தெறந்தா பறி பூடும், புடிச்ச இறாலும் பூடும்."

பறியை வாயில் வரைந்தது நான். வசனம் எழுதியதும் நான். ஒன்றரை வருஷம் உறைக்கவில்லை.

"அப்ப நாள் பூரா பேசமாட்டியா?"

"எங்க பேசறது? வூட்டுக்கு வந்தாலும் தாடை புடிச்சிக்கினு கெடக்கும். வாயே தெறக்க வராது."

"என் மேல கோவம்னு நெனச்சேன்" என்றேன்.

"கோவந்தான். அத்ததான் காலைல திட்டறனே, போதாதா?"

செப். 14, ஞாயிறு

வெயில். எட்டுப் படமும் முடிந்தது. அவள் கழுத்து மட்டும் இன்னும் சரியில்லை. போல்டரை அழிக்கவில்லை.

வசனம் முழுக்க அழித்தேன். நன்றாக இருக்கிறது என்று நான் நம்பிய ஒரே பகுதி. இப்போது தண்ணீரில் அவள் பேசுவதே இல்லை.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. வெந்நீரில் துணி நனைத்துக் கொடுத்தேன். தாடையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நானும். முதுகு வலி, கண் எரிச்சல், இருந்தாலும் எழுந்து போக மனமில்லை. ரொம்ப நேரம் கழித்து வாய் திறந்தாள்.

"அந்தப் பொம்பளைக்குக் கரையேறனதும் ஒரு டீ குடு."

பாக்கி:
– கழுத்து
– டீ கிளாஸ், 1 படம்