அம்மன் முதுகில் ஒரு கட்டைவிரல்

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மியூசியத்தில் திட்டு வாங்கினேன். பாபிலோனில் தோண்டியெடுத்த மண் அம்மனைப் பெட்டியில் வைத்துத் தூக்க வேண்டும். உள்ளங்கை அளவுதான் அம்மன், பெட்டிதான் கனம். நான் சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டேன்.

"ஏலே, பெட்டி கால்ல விழுந்தா யாரு பதில் சொல்லுவா? ஷூவ மாட்டுலே!" என்று கத்தினார் சூப்பர்வைசர் சமுத்திரம் அண்ணன், நம் தளவாய்புரத்துக்காரர்.

"அம்மன எப்படிண்ணே ஷூக்காலோட தூக்க?"

சற்று முறைத்தவர், தன் ஷூவையும் கழற்றிவிட்டு மறுபக்கம் பிடிக்க வந்தார்.

பெட்டியை மூடுவதற்கு முன் அதிலிருந்த விவர அட்டையைப் படித்துச் சொன்னார். நாலாயிரம் வருடத்துக்கு முன் சாதாரண வீடுகளுக்காகச் செய்ததாம். கொம்பு வைத்த கிரீடம், கழுத்து நிறைய மணி, உயர்த்திய இரண்டு கைகள். ஆசீர்வாதம் என்று நினைத்தேன். இல்லை, வீட்டாருக்காகப் பெரிய சாமியிடம் வேண்டுகிறாளாம். முன்பக்கம் அச்சில் எடுத்தது. முதுகில் மட்டும் யாரோ அழுத்திய கட்டைவிரல் அப்படியே பதிந்திருக்கிறது. எனக்கு அதுதான் கிரீடத்தைவிட அழகாகத் தெரிந்தது.

நம் ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் உன் பழைய சேலைத்துணி கொஞ்சம் கொடுத்துவிடு. மியூசியக் கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்கத்தான். இங்கே கிடைப்பது சரியில்லை.

வேன் வந்துவிட்டது. ஒன்று மட்டும். பிள்ளை பிறந்ததும் நம் ஊர் அம்மனுக்குச் செலுத்த நேர்ந்திருக்கிறோமே, அந்த மண் பொம்மையின் முதுகை, அதைச் செய்கிற வேளார் வழவழப்பாக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே உன் கட்டைவிரலை அழுத்து, பிள்ளையின் விரலையும். பக்கத்தில் எனக்கு இடம் விடு. நான் வருவதற்குள் காய்ந்துவிடும், தெரியும். இருந்தாலும் விடு.

லிங்கேஸ்வரன்