ஏவியம் என்றால் பறவைகளுடைய

ஜூலை 8, செவ்வாய்

குன்னூர். விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. ஆஸ்பத்திரிக்கு ரசம், ஃபிளாஸ்க், கம்பளி சாக்ஸ்.

சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. என் மனைவி சரசுவுக்குக் காசநோய் இல்லை. அதற்குப் பங்காளி முறைக் கிருமி ஒன்று. மைக்கோபாக்டீரியம் ஏவியம். டாக்டரம்மா கிளம்பிவிட்டார், நர்ஸ்தான் தாளைக் கொடுத்தாள். எனக்கெதற்கு டாக்டர்? காலமெல்லாம் தாவரவியல் நடத்தியவன். லத்தீனில் ஏவிஸ், பறவை. ஏவியம், ஆறாம் வேற்றுமைப் பன்மை, பறவைகளுடைய. பெயரடை வேண்டுமானால் ஏவியேரியஸ், பெண்பாலில் ஏவியேரியா, நடுப்பாலில் ஏவியேரியம்.

கோவையிலிருந்து மச்சினன் போனில். "ஊட்டுக் கோழியிலிருந்துதானுங்களா மச்சான் வந்துச்சு?"

"பேரிலேயே இருக்கே!" என்றேன்.

ஜூலை 9, புதன்

மூடுபனி. சரசுவின் கோழிகள் எல்லாம் மார்க்கெட் கறிக்கடைக்கு. செவலைக் கோழி அடையில் இருந்தது, கையைக் கொத்தியது. அதையும் சாக்கில் போட்டேன். முட்டைகளைக் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு. இடுப்பு வலி. அவளிடம் இப்போது வேண்டாம், உடம்பு தேறட்டும்.

ஜூலை 10, வியாழன்

கோழிகளை ஒழித்துவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் சார்? முதல்ல பறவைங்ககிட்ட கண்டுபிடிச்சதால அந்தப் பேரு. மனுசங்களுக்குப் பெரும்பாலும் தண்ணி, மண்ணுல இருந்துதான் வரும்."

படித்த முட்டாள். பிறகு கறிக்கடைக்கு ஓட்டம்.

"நேத்தே தீந்துபோச்சுங்க சார்."



ஜூலை 11, வெள்ளி

வெயில். சரசு எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாமாம். மாத்திரை மட்டும் ரொம்ப நாள்.

"செவலை பொரிச்சிருக்குமுங்க. ஊட்டுக்குப் போனதும் குஞ்சுகளப் பாக்கோணும்" என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நோய் என்றபோது அழாதவள் அழுதாள். இருமல் வந்தும் நிற்கவில்லை. அறிவு கெட்டவன், அப்போதும் அந்த லத்தீனை விளக்கிக்கொண்டிருந்தேன். பறவைகளுடைய என்று அர்த்தம், அதனால்தான் என்று.

"அதுக என்னோடதுங்க" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கூட்டிப்போக என்னை வர வேண்டாமாம். கோவைத் தம்பி வந்தால் போதுமாம்.