உன் கத்தி எது, மச்சான்?

பிரியமுள்ள மச்சான் ஆரோக்கியத்துக்கு,

போன இடத்தில் சௌக்கியமா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டால் நீ சிரிப்பாய். இங்கே வேடசந்தூர் மில் பஸ் எப்போதும் போலத்தான் வருகிறது. ஜன்னலோரம் உன் இடத்தில் மட்டும் யாரும் உட்காருவதில்லை. டிபன் பையை அதில் வைத்துவிட்டு நின்றுகொண்டே வருகிறார்கள், கூறுகெட்ட பயல்கள்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். உன் மடக்குக் கத்தி எங்கேடா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டியவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாய். அவ்வளவுதான். ஆட்டோ பிடிக்கக்கூட எங்களுக்கு அவகாசம் தரவில்லை. உன்னைப் பெட்டியில் வைத்துக் கையில் ஜெபமாலை சுற்றியபிறகு, உன் பெண்டாட்டி பிலோமினா கத்தியைக் கேட்டாள். அது இல்லாமல் நீ வாசல் தாண்டியதில்லையாம், சட்டைப் பையில் போட்டுத்தான் அனுப்ப வேண்டுமாம். பீரோ, டிபன் பை, மில் சட்டை எல்லாம் துழாவினோம். கிடைக்கவில்லை. சாமியார் காத்திருந்தார். பெட்டியை மூடிவிட்டார்கள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுத்தான். "வெறும் பையோட அனுப்பிட்டேண்ணே." சோறு போட்டு வைத்தால் இரண்டு வாய், அதற்குமேல் இறங்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குள் கத்தி கிடைத்தால் கல்லறைச் சிலுவையடியில் புதைத்துவிடலாம், கொஞ்சம் மனசு ஆறும் என்றாள். நான் கொண்டுவருகிறேன் தாயி என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். எனக்கென்ன தெரியும், நீ செய்துவைத்துப் போன கூத்து?

நாம் இரண்டு பேரும் கத்தி வாங்கியது நினைவிருக்கிறதா? அந்த வருஷம் தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு மதுரைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டுக் கத்தி. சிவப்புப் பிடி. கத்தி, கத்தரி, திருப்புளி, மூடி திறக்கிற கொக்கி எல்லாம் அதற்குள்ளேயே மடங்கும். நான் சொக்கிப்போய் வாங்கிவிட்டேன். நீ விரித்து மடக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாய். திண்டுக்கல் வந்து இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு வாசல் பிளாட்பாரத்தில், அதே வேலையெல்லாம் செய்கிற கறுப்புப் பிடிக் கத்தியை மலிவாக வாங்கினாய். கஞ்சப்பயலே என்றேன்.

"போ மச்சான். அம்புட்டு வெல குடுத்து வாங்கிட்டு, நாலு பேரு கேட்டா குடுக்க மனசு வருமா?"

அப்படித்தான் ஆனது. உன் கத்தி பஸ்ஸில் ஒரு கையில் நின்றதில்லை. ஆயக்குடிக் கொய்யா அறுக்க ஒருவன், இறுகிப்போன டிபன் மூடியை நெம்ப ஒருவன், மூக்குக் கண்ணாடித் திருகு முடுக்க ஒருவன். கொஞ்ச நாளில் ஆளாளுக்கு அதே பிளாட்பாரத்தில் அதே கறுப்புக் கத்தியை வாங்கிவிட்டார்கள். உன்னுடையது மாறிப்போகக் கூடாதென்று நீ பிடியில் ஊசியால் ஒரு சிலுவை கீறினாய். குறி போட்டால் தொலையாது போல என்று எல்லாவனும் தன் கத்தியை உன்னிடமே நீட்டினான். நீயும் சளைக்காமல் எல்லாவற்றிலும் அதே சிலுவையைக் கீறிக் கொடுத்தாய். வேறு குறியே தெரியாதாடா உனக்கு? பேகம்பூர் காதர்கூட, தனக்கு அது கூட்டல் குறி என்று சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் கேட்டேன். ஆரோக்கியம் கத்தி யாரிடம் இருக்கிறது என்று. ஒருவனும் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவரவர் பையில் இருப்பதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் வாங்கியும் கொடுத்தும் தொலைத்தும் எது எவனுடையது என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியில் முதல் ஷிப்டு முடிந்து எல்லாரும் உன் வீட்டுக்கே வந்தோம். உன் போட்டோவுக்கு முன்னால் மேசையில் கத்திகளைப் பரப்பினார்கள். பிலோமினா ஒவ்வொன்றாக எடுத்தாள். விரித்தாள், மடக்கினாள், உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். எல்லாம் ஒரே தேய்மானம், ஒரே சிலுவை.

"தெனமும் சட்டை தொவைக்கிறப்ப நாந்தானேண்ணே பையில இருந்து எடுத்து வப்பேன். எனக்கே தெரியலையே."

தினமும் அவள் எடுத்துவைத்தது வேறு வேறு கத்தியாக இருந்திருக்கும்.

ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தப்பானதைப் புதைத்துவிட்டால் உன்னுடையது எவன் பையிலோ அநாதையாகத் திரியுமாம். எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் அவளே கொடுத்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"நீங்க உங்களுத வைக்கலையேண்ணே?"

என்னுடையது வேறு தாயி என்றேன். சிவப்புப் பிடி. பீரோவில் உறை கலையாமல் இருக்கிறது. யாருக்கும் கொடுத்ததில்லை, அதனால் மாறிப்போகவும் இல்லை. மச்சான், அந்த பஸ்ஸில் வருகிற யார் பையிலும் உன் கத்தி இருக்கலாம். என் பையில் மட்டும் அது நிச்சயமாக இல்லை. உன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன் நான்.

முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. பிலோமினாவுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தோம். அன்றைக்கும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

உனக்கு ஒரு வாக்காவது கொடுக்கிறேன். நாளைக்கு என் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறேன். முதலில் கேட்பவனுக்குக் கொடுத்துவிடுவேன். திரும்ப ஒரு கறுப்புக் கத்தியைத் தந்தான் என்றால், மாறிவிட்டதென்று சொல்ல மாட்டேன்.

உன் பெண்டாட்டி அண்ணே என்று கூப்பிடுவதால் உனக்கு மச்சானாகிப்போன,
பாண்டி