எனக்குப் பிறகு குட்டிக்கு யார்

பிப்ரவரி 4
நேற்று முழுக்க நான் ஒருவரோடும் பேசவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் குரல் எழும்பாதபோதுதான் அது தெரிந்தது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான்! என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீடு வாயடைத்துக் கிடக்கிறது. ஒரு நாய்க்குட்டி வாங்கப் போகிறேன். இதுவரை ஒரு கோழிகூட வளர்த்ததில்லை.

பிப்ரவரி 7
ஒருவன் செல்போனில் குட்டியின் படம் அனுப்பினான். தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது ஊருக்குப் போயிருக்கும்மா" என்றான். எந்த ஊருக்கு? யார் கல்யாணத்துக்கு? பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் கையோடு கொடுத்துவிடுவானாம்.

பிப்ரவரி 11
கால்நடை டாக்டர் சொன்ன அம்மாள் வீட்டுக்குப் போனேன். நாய் வளர்த்துக் குட்டி விற்பவர். தாய் நாய் கூடத்திலேயே படுத்திருந்தது, குட்டிகள் அதன்மேல் ஏறி விளையாடின. அது எழுந்து வந்து என் காலில் சாய்ந்துகொண்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஓர் உயிர் என்மேல் சாய்கிறது. அழுகை வந்துவிட்டது.
அந்த அம்மாள் கேள்விமேல் கேள்வி கேட்டார். பெண் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.
"உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா குட்டிய யார் பாத்துக்குவா? அவங்க எங்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். அப்புறந்தான் குட்டி."

பிப்ரவரி 12
தம்பியிடம் கேட்டேன். "அக்கா, நானே வாடகை வீட்டுல இருக்கேன்..."
மகளிடம் கேட்டேன். "நாயெல்லாம் எதுக்கும்மா? டிவி பாரேன்."

பிப்ரவரி 13
யாரும் இல்லை.

பிப்ரவரி 15
எனக்கு முடியாமல் போனால் என்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்க நாதியில்லை. நாய்க்குக் கேட்கிறார்கள். நான் செத்துக் கிடந்தா, வாசல்ல பால் பாக்கெட் சேர்ந்தாத்தான் தெரியும் — என்ன பொழப்பு இது?

பிப்ரவரி 18
ரோஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அட்டைப்பெட்டிக்குள் குட்டி. கண்ணில் பீளை, உப்பிய வயிறு, நிற்கத் திராணியில்லை. கை நீட்டிவிட்டேன். நான் வாங்கினால் நாளைக்கு இவன் இன்னொன்றைப் பெட்டியில் அடைப்பான். கையை இழுத்துக்கொண்டேன். அது என்னையே பார்த்தது.
பாவி நான். சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 20
அந்த அம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "எனக்குன்னு ஒருத்தரும் இல்லைங்க. குட்டிய வேற நல்ல வீடாப் பாத்துக் குடுங்க."
அவர் ஒரு குட்டியைத் தூக்கி என் கையில் வைத்தார். பிறகு, "உங்களுக்கு முடியாமப் போச்சுன்னா எங்க பொறந்துச்சோ அங்கேயே திரும்பி வரட்டும், நான் பாத்துக்கறேன். ஆனா தினம் காலைல எனக்குப் போன் பண்ணணும். நீங்க மொதத் தடவை வளர்க்கறீங்க, குட்டி எப்படியிருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

மார்ச் 9
இன்று போன் செய்ய மறந்துவிட்டேன். குட்டி தலையணையைக் கிழித்துவிட்டது, வீடெல்லாம் பறந்த பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அந்த அம்மாள்தான். மூச்சு வாங்கியது, கால்களில் ஜோடி சேராத செருப்பு. குட்டி ஓடிப்போய் அவர் காலைச் சுற்றியது. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.
"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார்.