தாய்க் கட்டத்தில் முப்பத்தைந்து பரல்

ஆரணி
12-9-1979

என் அன்பு மகன் தருமனுக்கு அப்பா துரைக்கண்ணு ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் தங்கை அம்மணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே, நீ அந்த நிலக்கரிச் சுரங்கத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கப் படவேட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அம்மணி தான் இப்போது சமையல், உப்பு ஒரு நாள் தூக்கல் ஒரு நாள் குறைச்சல், நான் வாயைத் திறப்பதில்லை. தறியில் பாதிப் புடவை அப்படியே நிற்கிறது, உன் அம்மா சுற்றி வைத்த நூல் தார் தீர்ந்ததும் நானும் எழுந்துவிட்டேன், நேற்றிலிருந்துதான் பக்கத்து வீட்டுப் பெண் வந்து சுற்றிக் கொடுக்கிறாள்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மணி படித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள், மீதியை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீ அதில், என் ஜாதகம்தானே அம்மாவைக் கொண்டுபோனது, இனி அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவேன், எனக்குப் பெண் பார்க்க வேண்டாம், இன்னொருத்தியும் என்னால் சாக வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். பெற்றவன் படிக்கிற எழுத்தா அது? கருமாதி அன்று பந்தி நடக்கும்போதே உன் செல்லம்மாள் அத்தை உன்னைப் பார்த்து, "புள்ள ஜாதகத்துல தாய் எடமே காலியாம், ஜோசியரு அப்பவே சொன்னாரு, முழுங்கிட்டான்" என்று சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. கூடப் பிறந்தவள் என்று பார்க்கிறேன், இல்லையென்றால் அன்றைக்கே ஒரு வழி பண்ணியிருப்பேன். நீ சாப்பிட்ட இலையைக்கூட மூடாமல் எழுந்து அன்று ராத்திரியே ரயிலேறிவிட்டாய். அவள் சொன்னது தப்பு என்று உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

மாசி மாதத்தில் எங்கோ ஒரு சுரங்கத்தில் விபத்து என்று ரேடியோவில் சொன்னார்கள், உன்னுடையது இல்லை என்று நான் எத்தனை சொன்னாலும் உன் அம்மா கேட்கவில்லை, உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு சேவூர் சம்பந்தம் ஜோசியரிடம் போனாள். அவர் அஷ்டவர்க்கம் பார்க்கிறவர். சாக்கட்டியால் பன்னிரண்டு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துக்கு எந்தக் கிரகம் நல்லது செய்கிறதோ அதற்கு ஒரு பரல் என்று புளியங்கொட்டையாக வைத்துக்கொண்டே போவார். ராஜாவானாலும் கூலிக்காரனானாலும் மொத்தம் முந்நூற்று முப்பத்தேழுதானாம், எந்தக் கட்டத்தில் எத்தனை விழுகிறது என்பதில்தான் தலையெழுத்தாம். இருபத்தெட்டுக்கு மேல் இருந்தால் பலம், கீழே போனால் பலவீனம். எல்லாம் வைத்து முடித்துவிட்டுத்தான் எண்ணுவது அவர் பழக்கம். அன்றைக்கு வைத்து முடித்த நேரம் பார்த்து அவர் வீட்டுக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, அவரும் ஓட, உன் அத்தையும் பின்னாலேயே ஓடியிருக்கிறாள். உன் அம்மா மட்டும் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நாலாவது தாய்க் கட்டம், எட்டாவது ஆயுள் கட்டம் என்று அவர் முன்னமே காட்டியிருந்தார். தாய்க் கட்டத்தில் கொட்டை குவிந்து கிடக்கிறது, ஆயுள் கட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கிறது. அவள் தாய்க் கட்டத்திலிருந்து ஒரு பிடி அள்ளி ஆயுள் கட்டத்தில் வைத்துவிட்டாள். ஜோசியர் வந்து எண்ணினார், மொத்தம் சரியாக இருந்தது, பையனுக்கு ஆயுள் பலம், தாய் ஸ்தானம்தான் மெலிவு என்று சொல்லி அனுப்பினார். உன் அத்தைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதை உன் அம்மா என்னிடம் சொன்னது ஆடியில், காமாலை முற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற வழியில். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். இன்னாடி பைத்தியக்காரத்தனம் என்று கத்தினேன். "அவன் பங்குலருந்து எட்த்து அவனுக்கேதான்யா வச்சேன், ஊரான் ஊட்டுது எதுனா எட்த்தனா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள் தருமா. அதுதான் அவள் என்னோடு தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

உன் கடிதம் பார்த்த மறுநாளே சேவூருக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, மறுபடி வைக்கச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. "கொட்டைய நவுத்தினா கெரகம் நவுருமாங்க" என்று முனகிக்கொண்டே வைத்தார், நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தாய்க் கட்டத்தில் முப்பத்தைந்து பரல். பன்னிரண்டிலும் அதுதான் அதிகம், இவ்வளவு தாய் பலம் உள்ள ஜாதகம் அபூர்வம் என்றார். ஆயுள் கட்டத்தில் பத்தொன்பதுதான். இதை உனக்கு மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், மறைத்தால் உன் அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்பது உனக்குப் புரியாது. அவர் பத்தொன்பதுக்குப் பரிகாரம் சொல்ல வாயெடுத்தார், நான் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். சேவூரிலிருந்து வீடுவரைக்கும் நடந்தே வந்தேன், வழியெல்லாம் அழுதேன், பார்த்தவர்கள் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நீயே சொல், முப்பத்தைந்து பரல் இருந்தும் அவள் நிற்கவில்லையே. நிறைந்த கட்டம் உயிரைப் பிடித்து வைக்கவில்லை என்றால் குறைந்த கட்டம் மட்டும் எப்படி உயிரை எடுக்கும்? எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் பொய். தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டால் இன்னும் வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் நீ யாரையும் விழுங்கவில்லையடா. உன் அத்தையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், உனக்கு எழுதச் சொல்லியிருக்கிறாள், எழுதினால் பதில் போடு, அவளும் தாயில்லாமல் வளர்ந்தவள்தான்.

தீபாவளிக்கு லீவு கேட்டு வா, அம்மணி உன்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்குப் பெண் பார்க்கத்தான் போகிறேன், ஜாதகம் கேட்கிற வீட்டுப் படி ஏறமாட்டேன். சுரங்கத்தில் இறங்கும்போது தலைக்கு இரும்புத் தொப்பியை மறக்காதே, புழுக்கம் என்று கழற்றி வைக்காதே. உன் அம்மா உனக்கு ஆயுள் சேர்த்துவிட்டோம் என்று நம்பித்தான் கண்ணை மூடினாள். நீ நெடுங்காலம் இருந்து அவள் நம்பியதை மெய்யாக்கு, வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்
உன் அப்பா
துரைக்கண்ணு